பச்சை விளக்கைப் பார்த்து வையுங்கள்: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கோலாலம்பூரில் இறங்கிய முதல் வாரத்தில் ஊருக்கு அனுப்பிய படங்களைக் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். விடுதியின் வரவேற்பறை, அலுவலகத்து உணவுக்கூடம், பேரங்காடியின் நகரும் படிக்கட்டு, அறைத்தோழனின் பிறந்தநாள் கேக். முகங்களை விட்டுவிட்டு மூலைகளை மட்டும் தேடுங்கள். ஒன்றிரண்டு படங்களிலாவது மேலே ஓர் ஓரத்தில் பச்சையாக ஒரு சிறு பெட்டி எரிந்துகொண்டிருக்கும். படம் எடுத்தபோது நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பெற்ற அம்மாவுக்கும் பிள்ளையின் முகம் இளைத்ததா என்பதுதான் கவலை. பெட்டி அவர் கண்ணிலும் பட்டிருக்காது.

அவசர வழியைக் காட்டும் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் இந்த நகரத்தில் திருமணப் படம் எடுப்பவன். மண்டபம் மண்டபமாக, ஹோட்டல் ஹோட்டலாக அந்தப் பச்சை விளக்கோடு மல்லுக்கட்டிய ஆண்டுகள் பல. அதை ஒரு தொல்லை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஏன் அந்த நினைப்பு மாறியது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், படிக்கவோ வேலைக்கோ இங்கே வந்திருக்கும் நீங்கள் செய்ய வேண்டியவை.

சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்

பெட்டியில் இருப்பவை ஆறே எழுத்துகள். மலாய் மொழியை ரோமன் எழுத்தில் எழுதுவதால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்: கெலுவார். வெளியேறுதல் என்று பொருள். தமிழ்நாட்டுப் பேருந்துகளில் 'அவசர வழி' என்று எழுதியிருக்குமே, அந்த வேலையை இங்கே இந்தச் சொல் செய்கிறது. அண்டை நாடான சிங்கப்பூரில் ஆங்கிலச் சொல்லைத்தான் காண்பீர்கள், மலேசியாவில் கெலுவார்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடிய சொல் ஒன்று உண்டு: கெலுவார்கா. அதற்குக் குடும்பம் என்று பொருள். பேரங்காடிகளில் கைக்குழந்தையோடு வருவோருக்கான கழிவறைக்கு 'தண்டாஸ் கெலுவார்கா' என்று பலகை இருக்கும். அவசரத்தில் முதல் ஆறு எழுத்துகளை மட்டும் படித்துவிட்டு அந்தக் கதவைத் தள்ளியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாதாரண நாளில் அது ஒரு சிறு தடுமாற்றம். புகை சூழ்ந்த நேரத்தில் அப்படியிராது. கடைசி இரண்டு எழுத்துகளையும் படிக்கும் பழக்கம் வேண்டும்.

கதவுகளில் 'தோலாக்' என்றால் தள்ளு, 'தாரிக்' என்றால் இழு. இரண்டாவதை மறக்க வழியே இல்லை. மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில் தேநீரை ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு இழுத்து ஆற்றித் தருகிறார்களே, அந்தத் தே தாரிக்கின் தாரிக்தான் இது. 'தங்கா' என்றால் படிக்கட்டு. 'கெச்செமாசான்' என்றால் அவசரம். ஆகவே 'தங்கா கெச்செமாசான்' அவசரப் படிக்கட்டு, 'பிந்து கெச்செமாசான்' அவசரக் கதவு. 'ஆப்பி' என்றால் நெருப்பு. கனமான கதவொன்றில் நெருப்பைத் தடுக்கும் கதவு என்றும், எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்றும் மலாயில் எழுதியிருந்தால் அந்தக் கதவை எதையும் முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்காதீர்கள். அது மூடியிருந்தால்தான் படிக்கட்டுக்குள் புகை புகாது. காற்று வரட்டும் என்று தீயணைப்புக் குப்பியையே முட்டாக வைத்திருப்பதைப் பழைய அடுக்குமாடிகளில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பார்க்கும்போதெல்லாம் குப்பியை நகர்த்திக் கதவை மூடிவிட்டுத்தான் போகிறேன்.

'தெம்பாட் பெர்கும்புல்' என்ற பலகை கட்டடத்துக்கு வெளியே, பெரும்பாலும் வாகன நிறுத்தத்தில் நிற்கும். வெளியேறியவர்கள் கூட வேண்டிய இடம் அது. தீயணைப்பு மீட்புப் படையை எல்லா இனத்தவரும் 'பொம்பா' என்றே சொல்கிறோம். நீரேற்றும் பம்பைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் அது. மலாக்காவைப் போர்த்துகீசியர் ஆண்ட காலத்தின் எச்சம் போலும்.

எல்லாக் கெலுவாரும் ஒன்றல்ல

ஒரே சொல் மூன்று வேலைகளுக்குப் பயன்படுகிறது. நிலத்தடி வாகன நிறுத்தத்தில் தரையில் பெரிதாகத் தீட்டிய அம்புக்குறியும் கெலுவார் என்ற சொல்லும் கார்களுக்கானவை. அவற்றைப் பின்பற்றி நடந்தால் சுற்றிச் சுற்றிச் சாய்தளத்தில் ஏறிக்கொண்டிருப்பீர்கள், எதிரே வண்டிகள் வரும். ரயில் நிலையங்களில் எழுத்தோ எண்ணோ சேர்த்து எழுதிய பலகைகள் அன்றாடப் போக்குவரத்துக்கானவை; எந்தத் தெருப் பக்கம் போய்ச் சேர்வீர்கள் என்று அவை சொல்லும். ஓடும் மனிதனின் உருவமோ ஒளிரும் எழுத்தோ கொண்ட பச்சைப் பெட்டிதான் ஆபத்து நேரத்துக்கானது. அதைத் தொடர்ந்து போனால் நீங்கள் வந்த கண்ணாடி வாசலுக்குப் போகாமல், பூச்சில்லாத சுவர்கள் கொண்ட ஒரு பின்படிக்கட்டுக்குப் போய்ச் சேரலாம். தப்பான வழிக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிவிடாதீர்கள்.

அந்த ஓடும் மனிதன் பிறந்தது ஜப்பானில். 1972இல் ஒசாகா நகரின் சென்னிச்சி அங்காடிக் கட்டடத்தில் தீப்பிடித்து 118 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே குமாமோத்தோ நகரில் இன்னொரு பேரங்காடி எரிந்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் தொலைவிலிருந்து விளங்கக் கூடிய குறி வேண்டும் என்று அந்நாட்டில் போட்டி வைத்துத் தேடினார்கள். யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளரின் கையில் செம்மைப்பட்ட உருவம் 1980களில் உலகத் தரக் குறியாகவும் ஏற்கப்பட்டது. பச்சை நிறத்துக்கும் காரணம் உண்டு. தீயின் சிவப்புக்கு நடுவே அது தனித்துத் தெரிகிறது. அதோடு, மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண் சிவப்பைவிட நீலம் கலந்த பச்சையை எளிதில் கண்டுகொள்கிறது.

மலேசியாவில் இதற்குச் சட்ட வாசகம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைவிதிகளில் 172ஆவது விதி, கெலுவார் என்ற சொல்லின் எழுத்துகள் 150 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு சாண் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றுதான் அதில் முதலில் எழுதினார்கள். அதனால் பழைய கட்டடங்களிலும், உங்கள் உறவினர் வீட்டு 1980கள், 90களின் ஆல்பங்களிலும் சிவப்புக் கெலுவாரைக் கண்டால் வியக்க வேண்டாம்.

முதல் நாள், உங்கள் வீட்டிலிருந்து

பேரங்காடியிலிருந்து தொடங்காதீர்கள். தூங்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுபவனுக்குத்தான் வழி மிக நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலில் நின்று இடமும் வலமும் பாருங்கள். உயர்ந்த அடுக்குமாடியில் பெரும்பாலும் இரண்டு படிக்கட்டுகள் இருக்கும். அருகில் இருப்பது எது, மற்றது எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கதவிலிருந்து படிக்கட்டுக் கதவு வரை இடையில் எத்தனை வீட்டுக் கதவுகள் என்று எண்ணுங்கள். வலப்பக்கம் நான்கு கதவு, பிறகு படிக்கட்டு என்று வாய்விட்டே சொல்லிப் பாருங்கள். புகை மேலே ஏறிக் கூரையடியில் தேங்கும் என்பதால் கதவுக்கு மேல் மாட்டியிருக்கும் பச்சைப் பெட்டிதான் முதலில் மறையும். குனிந்து சுவரைத் தடவிக்கொண்டு போகும்போது கையில் இருப்பது அந்த எண்ணிக்கை மட்டும்தான்.

பிறகு இறங்குங்கள். தரைத்தளம் வரை, ஒரு மாடிகூட விடாமல். இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். சில கட்டடங்களில் படிக்கட்டுக்குள் போய்விட்டால் கதவு பின்னால் பூட்டிக்கொள்ளும். கீழே போய்த்தான் வெளியேற முடியும். அறைத்தோழரை அழைத்துக்கொள்ளுங்கள், நுழைவு அட்டையையும் கைப்பேசியையும் எடுத்துக்கொள்ளுங்கள், காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்ததும் மணி அடிக்கும் கட்டடங்களும் உண்டு. காவலர் நேப்பாளத்திலிருந்து வந்த உங்களைப் போன்ற ஒருவராகவே இருக்கலாம். 'மானா தங்கா கெச்செமாசான்?' என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்.

இறங்கும் வழியில் ஐந்து படங்கள் எடுங்கள். உங்கள் வாசலில் நின்றபடி படிக்கட்டுத் திசை. பச்சைப் பெட்டியும் அதன் கீழுள்ள கதவும் ஒன்றாக. படிக்கட்டுக்குள் உங்கள் மாடியின் எண். கீழே கதவைத் திறந்ததும் கண்ணில் படும் காட்சி. கடைசியாகக் கூடுமிடப் பலகை. இவற்றில் நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேலே எல்லாம் சரியாகச் செய்து கீழே வந்தவர்கள், குப்பைத் தொட்டி அறைக்கும் மின்பெட்டி அறைக்கும் நடுவே வந்து நின்று, எந்தப் பக்கம் தெரு என்று தெரியாமல் திகைப்பார்கள். அந்தக் கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று முன்பே கண்டிருந்தால் கால் தானாகத் திரும்பும்.

நெருப்புப் பிடித்த நேரத்தில் யாரும் கைப்பேசியைத் திறந்து படம் தேடப் போவதில்லை, தேடவும் கூடாது. படம் எடுப்பதற்காக அந்த வழியில் ஒருமுறை நடந்தீர்களே, அந்த நடை உங்கள் காலுக்கு நினைவிருக்கும். இரவு படுக்கும்முன் ஐந்து படங்களையும் ஒருமுறை தள்ளிப் பார்த்தால் மனத்திலும் தங்கும். வீட்டுக்குப் புதிதாக வருபவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் உதவும்.

மாடி எண்களில் ஒரு சிறு செய்தி. சீன மொழியில் நான்கு என்ற எண் சாவு என்ற சொல்லைப் போல ஒலிப்பதால் பல கட்டடங்களில் நான்காம் மாடிக்கு '3ஏ' என்று பெயர். கீழ்த்தளத்துக்கு எண்ணே இல்லாமல் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். படிக்கட்டில் எண்ணிக்கொண்டே இறங்குபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இனி இரும்புக் கம்பிக் கதவு. இங்கே வீட்டு வாசலிலும் சன்னலிலும் கிரில் போடுவது பெரும் வழக்கம். திருட்டுக்கு அஞ்சிப் போடுகிறார்கள். வாடகை அறையில் பூட்டுச் சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்கும், அவர் இரவு வேலைக்குப் போயிருப்பார். இந்த நிலை வேண்டாம். 2017 செப்டம்பர் 14 அன்று விடியற்காலையில், இதே கோலாலம்பூரில், டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்தது. 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். சன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் எங்கள் தெருவில் பல வீடுகளில் சாவியை எங்கே வைப்பது என்ற பேச்சு நடந்தது. எங்கள் வீட்டில் சாவி அன்றிலிருந்து கதவுக்கு அருகே உட்புறச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாது; உள்ளே இருப்பவர் இருட்டில் தடவினாலும் கிடைக்கும். உங்கள் அறையில் இருப்போர் எத்தனை பேரோ அத்தனை சாவிகள் வேண்டும். வீட்டு உரிமையாளர் தர மறுத்தால் நீங்களே செய்துகொள்ள அனுமதி கேளுங்கள். இதில் மட்டும் கூச்சப்படாதீர்கள்.

ஒளிரும் பெட்டியைப் படம் எடுப்பது

கைப்பேசியில் பச்சைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எழுத்து தெரியாமல் வெள்ளையாய் வெளுத்த ஒரு கட்டம்தான் கிடைக்கும். இருண்ட நடைக்கூடத்தை வெளிச்சமாக்க முயன்று கைப்பேசி பெட்டியை வெளிற வைத்துவிடுகிறது. திரையில் பெட்டியின் மேல் விரலால் தொடுங்கள். சூரியன் போன்ற குறி வரும், அதைக் கீழே இழுங்கள். எழுத்து தெளியும், சுற்றிலும் இருளும். கதவும் தெரிய வேண்டுமென்றால் இரண்டு படம் எடுங்கள், ஒன்று எழுத்துக்கு, மற்றொன்று கதவுக்கு. பிளாஷ் வேண்டாம். பெட்டியின் நெகிழி முகப்பில் பட்டுத் திரும்பி எழுத்தை அழித்துவிடும்.

காணொளி எடுக்கும்போது படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் கைப்பேசி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கேமராவில் ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என வைத்தால் பட்டை போய்விடும். இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் அங்கே பழகிய அமைப்பை மாற்ற வேண்டியதில்லை.

குடிநுழைவுச் சோதனைக் கூடம், வங்கி முகப்பு, காவல் நிலையம் இவற்றில் எதற்காகவும் கேமராவைத் தூக்காதீர்கள். அங்கெல்லாம் கண்ணால் பார்த்து வைத்தால் போதும். மற்ற இடங்களில் காவலர் தடுத்தால் வாதாடாமல், அவர் முன்னிலையிலேயே படத்தை அழித்துவிட்டு, எந்தக் கதவு என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியிடங்களுக்கு இவ்வளவு விரிவு வேண்டாம். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தைப் போன்ற இடத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது ஒரே கட்டடம் போலத் தோன்றினாலும் பல நடைபாதைகள் பின்னிய இடம் என்பது. மோனோரயிலுக்குப் போக நு சென்ட்ரல் பேரங்காடியைக் கடக்க வேண்டும், எம்.ஆர்.டி. நகர ரயிலுக்கு வேறொரு நீண்ட நடைபாதை. இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இறங்கும் வழியை மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்கள் நம்மில் மிகுதி. அடுத்த முறை வேண்டுமென்றே வேறொரு வாசலால் வெளியே வாருங்கள். திரையரங்கில் இருக்கையில் அமர்ந்ததும் இரண்டு பச்சைப் பெட்டிகளைக் கண்டுபிடித்த பிறகு சோளப்பொரியைத் தொடுங்கள். வார இறுதியில் பினாங்குக்குப் போய் ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடு ஒன்றில் தங்கினால் கூடுதலாகக் கவனியுங்கள். அவை அகலம் குறைந்து நீளம் மிகுந்த வீடுகள். மரப்படி ஒன்றுதான் இருக்கலாம். பின்சந்துக்குப் போகும் கதவு எங்கே, இரவில் அது பூட்டப்படுமா என்று பயணப் பெட்டியை இறக்கும்போதே கேளுங்கள்.

திருமண மண்டபத்தில்

இங்கேதான் நான் முன்பு சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும்.

மேடைக்குப் பக்கத்தில் கெலுவார் பெட்டி இருந்தால் மணமக்கள் முகத்தில் பச்சை விழும். விருந்துபசரிப்பு இரவில், விளக்குகளைத் தணித்துவிட்டுப் பெண்ணும் மாப்பிள்ளையும் நுழையும்போது இது நன்றாகவே தெரியும். மஞ்சள் பூசிய முகத்தில் பச்சை விழுந்தால் நோயாளிபோலத் தெரியும். எந்தத் தாய் இதைப் பொறுப்பார்? ஆகவே ஜோடனைக்காரர்களிடம், அண்ணா, அந்தப் பெட்டி மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள் என்று சொல்வேன். அவர்களும் பட்டுத்துணியை இழுத்துக் கட்டிவிடுவார்கள். பல திருமணங்களில் இப்படிச் செய்திருக்கிறேன்.

ஒரு மண்டபத்தில் விருந்து பாதியில் மின்சாரம் போனது. தீ இல்லை, புகை இல்லை, வெறும் இருட்டு. ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் தாங்கள் வந்த முன்வாசலையே நோக்கி எழுந்தார்கள். நாற்காலிகள் சரியும் ஒலி, குழந்தைகளின் அழுகை. நான் மேடையோரம் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் சில அடி தூரத்தில் ஓர் அகன்ற இரட்டைக் கதவு இருந்தது. அதற்கு மேல், நான் கட்டச் சொன்ன சிவப்புப் பட்டின் மடிப்புக்குள், ஒரு மங்கிய பச்சை தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். சில நிமிடங்களில் விளக்கு வந்துவிட்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. நடைவண்டியோடு வந்த ஒரு பாட்டி மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போய் எடுத்த படங்களைத் திறந்தேன். முகங்களில் பச்சை இல்லை. எல்லாப் படத்திலும் அந்தப் பட்டுத்துணி அழகாக இருந்தது.

172ஆவது விதி இதையும் சொல்கிறது: வெளியேறும் வழிக் குறிகளை அலங்காரமோ தளவாடமோ மறைக்கக் கூடாது. அந்த இரவுக்கு முன் நான் அதைப் படித்ததில்லை.

ஆகவே, திருமணத்துக்குக் கேமராவோடு வரும் இளையவர்களுக்கும், உறவினர் விழாவில் கைப்பேசியில் படம் எடுப்பவர்களுக்கும் துணி இல்லாமல் பச்சையைச் சமாளிக்கும் வழிகள் இவை. மண்டபத்தை ஒரு நாள் முன்பே போய்ப் பாருங்கள். பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று குறித்து, மேடையை அவற்றிலிருந்து தள்ளி அமைக்க முடியுமா என்று ஜோடனைக்காரரிடம் பேசுங்கள். துணி கட்டிய பிறகு பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். மேடை நகராது என்றால் நீங்கள் நகருங்கள். இரண்டடி இடப்பக்கம் போனால் மேடைத் தூண் ஒன்று பெட்டியை உங்கள் கண்ணுக்கு மட்டும் மறைக்கும், விருந்தினர் கண்ணுக்கு மறைக்காது. தொலைநோக்கு லென்ஸ் போட்டுப் பின்வாங்கி எடுத்தால் பின்னணி குறுகி, பெட்டி படச் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். முகத்தில் விழும் பச்சைக்கு உங்கள் விளக்கே மருந்து: நல்ல வெள்ளொளியை முன்னாலிருந்து அருகில் வைத்தால் தூரத்துப் பச்சை கரைந்துவிடும். மிச்சமிருப்பதைப் பிறகு கணினியில், முகத்தை மட்டும் தேர்ந்து, மெஜந்தா பக்கம் சிறிது நகர்த்திச் சரிசெய்யலாம். முழுப் படத்துக்கும் அதைச் செய்யாதீர்கள். வெள்ளை வேட்டி இளஞ்சிவப்பாகிவிடும்.

பெட்டியையே படத்திலிருந்து அழித்துத் தரச் சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஆல்பத்தில் அழிப்பதில் எனக்கு மறுப்பில்லை, அது தாளில் நடக்கும் வேலை. மண்டபத்தின் சுவரில் அழிக்க மட்டும் சம்மதிப்பதில்லை. ஒரு குடும்பம் இதற்காக வேறு ஆளைத் தேடிப் போனது. போகட்டும் என்று விட்டேன்.

வழி அடைபட்டிருந்தால்

நடந்து பார்க்கும்போது நல்லதல்லாத சிலவும் கண்ணில் படும். படிக்கட்டில் பழைய மெத்தை, சைக்கிள், அட்டைப்பெட்டிகள். அவசரக் கதவில் சங்கிலி. எரியாத பெட்டி. ஆட்கள் முகம் விழாமல், இடம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, தேதியோடு கட்டட நிர்வாக அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அது காற்றோடு போகும். ஒரு வாரம் பொறுத்தும் மாறவில்லை என்றால் அருகிலுள்ள பொம்பா நிலையத்துக்கு அதே படத்தைக் கொண்டு போங்கள். 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி தீ ஆபத்தை அகற்றச் சொல்லி அறிவிப்பு கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. வேலை அனுமதியில் வந்தவர்கள், நமக்கேன் வம்பு என்று தயங்குவது எனக்குப் புரிகிறது. அப்படியானால் படத்தை இங்கே நெடுநாள் வாழும் ஒரு நண்பரிடம் கொடுத்து அவர் பெயரில் அனுப்பச் சொல்லுங்கள். பேசாமல் இருந்துவிட மட்டும் வேண்டாம். அந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்.

கடைசியாக இன்னும் ஒரு படம் மிச்சமிருக்கிறது, அதை இன்றே எடுங்கள். உங்கள் கட்டடத்தின் பெயர்ப்பலகையும் தெருப் பெயரும் ஒன்றாகத் தெரியும் படம். அதோடு உங்கள் வீட்டுக் கதவெண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பிளாக், பிறகு மாடி, பிறகு வீடு என்ற வரிசையில் அது எழுதியிருக்கும். இங்கே காவல், ஆம்புலன்ஸ், பொம்பா எல்லாவற்றுக்கும் 999தான் எண். எடுப்பவர் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார். பதற்றத்தில் சொந்த முகவரியே நாவில் வராது. அதுவும் மலாய்ப் பெயர்கள், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியே பத்திரமான இடத்துக்கு வந்ததும் அந்தப் படத்தைத் திறந்து, எழுத்துக்கூட்டியாவது, இருப்பதை இருக்கிறபடியே படியுங்கள்.